சாவி யாரிடம் இருக்கிறது? தோட்டத்திலும் ஆலயத்திலும் சங்கத்திலும் தலைவர்களை வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றி முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). இங்கே ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றேன். அதன் பிறகு, கணக்கு எழுத ஆள் இல்லாத இடத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள்: ஆலயம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், ஒரு குத்தகையாளரின் அலுவலகம். எங்கே போனாலும் கணக்கில் தொடங்கும் பேச்சு தலைவரில் வந்து நிற்கும். 'அவர் யாரையும் வளரவிடுவதில்லை' என்பார்கள். அவரிடம் போனால் 'யாரும் முன்வருவதில்லை' என்பார். இந்த இரண்டு புகாருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பதில் சொல்லிவந்த கேள்விகள் இவை.

தலைமை பிறவிக்குணமா, கற்றுக்கொள்வதா?

கணீரென்ற குரலும் கூட்டத்தைக் கண்டு கூசாத முகமும் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுகின்றன. உதவும்தான். ஆனால் நல்ல குரல் உள்ளவரைத் தலைவராக்கிவிட்டு, ஒலிபெருக்கிச் செலவு மிச்சமானதைத் தவிர வேறு நன்மை எதையும் காணாத சங்கங்களை நான் அறிவேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். உளியைக் கையில் எடுத்த புதிதில் அவரை நல்ல மரத்தில் விடவில்லை. சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில் பழகவிட்டார்கள். ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறி வரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும், அங்கே மறுபடி வெட்ட முடியாது. மேலாக வெட்டினால் பால் வராது. அந்த அளவு கைக்குப் பிடிபடும்வரை, தவறினாலும் நட்டம் இல்லாத மரம் வேண்டும். தலைமையும் கைப்பழக்கம்தான். நாம் செய்வது என்ன? ஒருவரை இருபது ஆண்டுகள் நாற்காலி அடுக்கவிட்டு, திடீரென்று ஒருநாள் கும்பாபிஷேகத்தை அவர் தலையில் கட்டுகிறோம். பிறகு 'அவருக்குத் தலைமைப் பண்பு இல்லை' என்கிறோம்.

ஒருவர் நல்ல தலைவரா என்று எதை வைத்துச் சொல்வது?

அவர் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள்.

1939-ல் அமெரிக்காவின் ஐயோவாவில் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ப் வைட் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து ஆணையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் பையன்களோடு கலந்து பேசினார். மூன்றாம் வகைத் தலைவர் எதிலும் தலையிடாமல் சும்மா இருந்தார். சும்மா இருந்தவரின் குழுவில் வேலை உருப்படவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆணையிட்டவரின் குழு மும்முரமாக வேலை செய்தது, ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் கை ஓய்ந்துவிட்டது. கலந்து பேசியவர் வெளியே போனபோதோ பையன்கள் ஏறக்குறைய அதே வேகத்தில் தொடர்ந்தார்கள்.

பத்து வயதுப் பையன்களும் செம்பனைக் காடும் ஒன்றா என்று கேட்கலாம். நான் பார்த்தவரை ஒன்றுதான். மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் ஒரு பிரிவில் எல்லாரும் மட்டை மேல் உட்கார்வார்கள்; பக்கத்துப் பிரிவில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். இரண்டு மண்டோர்களுக்கும் சம்பளம் ஒன்று.

உங்கள் சங்கத்திலும் சோதித்துப் பார்க்கலாம். திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு தலைவரைப் பத்து நாள் மகள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பத்து நாளும் எத்தனை முறை அவருக்குத் தொலைபேசி போகிறது என்று எண்ணுங்கள்.

எல்லாவற்றையும் தலைவரே செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எங்கிருந்து வந்தது?

என் ஊகத்தில், கங்காணியிடமிருந்து. கங்காணி, தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டில் இருந்த தன் சொந்த ஊருக்கே திரும்பிப்போய் ஆள் சேர்த்து வந்தவர். கப்பல் ஏறுமுன் கொடுத்த முன்பணம், வந்த இடத்தில் வேலை, வீடு, சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில். அன்றாடம் எத்தனை பேரை வேலைக்கு இறக்கினாரோ அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. அவரைத் தாண்டித் துரையிடம் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியிடம்) போக வழியில்லை. 1938-ல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதைத் தடை செய்த பிறகு அந்த ஆள்சேர்ப்பு முறை முடிந்தது. மனத்தில் முடிந்ததா என்பது வேறு விஷயம். இன்றும் நாம் தேடுகிற தலைவர், நமக்காகத் துரையிடம் பேசுகிறவர், நமக்குக் கடன் கொடுக்கிறவர், நாம் கேள்வி கேட்க முடியாதவர்.

அதற்கு மாற்றாக ஒரு தலைமுறை வரத்தான் செய்தது. போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் எழுந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் பேசத் தெரிந்த, கணக்குக் கேட்கத் தெரிந்த ஆட்கள் முளைத்தார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊரை ஒட்டிய இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கவென்று பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது, அது 1960 வரை நீடித்தது. அந்தக் கொலைகளுக்குச் சில நாள் முன்பே அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடை செய்யப்பட்டிருந்தது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் நாடு கடத்தப்பட்டார்கள். லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மிஞ்சியது ஒரு பழமொழி: முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும். என் பாட்டி இதைச் சொல்லித்தான் என் அப்பாவைச் சங்கக் கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுத்தார். 'யாரும் முன்வருவதில்லை' என்று இன்று வருந்துகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம்மிடையே நல்ல முன்மாதிரி ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் இந்த ஊரிலேயே. முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அரசியலில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எனக்கு இங்கே முக்கியம் 1960-ல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் நாட்டுப் பணத்தை வெள்ளி என்போம்) பங்குப்பணம் சேர்த்துத் தோட்டத்தை அவர்கள் பெயரிலேயே வாங்குவது என்று கிளம்பினார். மனைவி தோ புவான் உமாசுந்தரியோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்.

நாள்கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி சில நாள் உழைப்பு. மேடையில் பேசுகிற பெரிய மனிதரை நம்பி முதல் மாதம் கட்டுவார்கள். இரண்டாம் மாதமும் கட்ட வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும். ரசீது பத்திரமாக இருக்க வேண்டும். கேட்டால் விளக்க லயத்திலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். இவ்வளவும் இல்லாமல் ஒரு கூட்டுறவுச் சங்கம் இன்றுவரை நின்றிருக்காது. தலைவரின் பேச்சுத் திறமையைப் பற்றியே பேசுகிறோம். ரசீதுப் புத்தகத்தோடு லயம் லயமாக நடந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு மண்டோர் வேலை கிடைத்திருக்கிறது. நேற்றுவரை என்னோடு செம்பனைக் குலை வெட்டியவர்கள் இன்று நான் சொன்னால் கேட்பார்களா?

முதல் வாரம் கேட்கமாட்டார்கள். அதற்காக இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள்: குரலை உயர்த்துவது, எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பது. முன்னதற்குப் பயப்படமாட்டார்கள், பின்னதற்கு நன்றி சொல்லமாட்டார்கள். காலை ஆறு மணிப் பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது, நேற்றைய நண்பனுக்குச் சமதரை, பேசாதவனுக்கு மேடு என்று பிரித்தீர்களானால் அன்றே உங்கள் கதை முடிந்தது. நிரை (மர வரிசை) பிரிப்பதில் நியாயம் தெரிந்தால் மற்றது மெல்ல வரும்.

நான் பார்த்த ஒரு மண்டோரைச் சொல்கிறேன். ஒருநாள் ஸ்டோர் கணக்குச் சரிபார்க்க அவரோடு காட்டுக்குள் நடந்தேன். ஒரு மரத்தடியில் நின்றார். குலையை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள், உதிரிப் பழம் அப்படியே கிடந்தது. உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதை விட்டுவிட்டுப் போவது காசைக் கொட்டிவிட்டுப் போவது போல. மற்ற மண்டோர்கள் நின்ற இடத்திலிருந்தே கத்துவார்கள். இவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். முப்பத்திரண்டு பழம். தொப்பியில் போட்டுக்கொண்டு அந்த நிரைக்காரரிடம் போனார்.

'தம்பி, சாக்கு கிழிந்துவிட்டதா?' என்று கேட்டார்.

கிழிந்துதான் இருந்தது. ஸ்டோரில் மூன்று நாளாகச் சாக்கு இல்லை. எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டியவர் யார்? பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கிராணி, அதாவது நான். மண்டோர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் சாக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். அன்று மாலையே சாக்கு வந்தது.

கோபப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க, பழம் ஏன் கிடக்கும் என்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணங்களும் தெரிந்திருக்க வேண்டும். அது, தானும் குலை வெட்டியவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு இருக்கும் பெரிய சொத்து அது.

ஒன்று மட்டும். புதிதாக வந்தவருக்கு எந்தக் குலை பழுத்தது, எது காய் என்று கைப்பிடித்துக் காட்ட வேண்டும். பத்து ஆண்டு வெட்டியவருக்கு அப்படிக் காட்டினால் அது அவமானம். ஆளுக்குத் தக்கபடி தலைவர் மாற வேண்டும் என்பதைப் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969-ல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். மாமியார்களுக்கு அது முன்பே தெரியும்.

என் பிரிவில் பெரும்பாலும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். மொழி புரியாமல் எப்படித் தலைமை தாங்குவது?

மலாய் பாதி தூரம் கொண்டுபோகும். மீதிக்கு, அவர்கள் யார் சொன்னால் கேட்கிறார்கள் என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரைச் சுற்றி உட்காருகிறார்கள் என்று கவனித்தால் தெரிந்துவிடும். அவரைத் தட்டிக்கொடுங்கள். மருந்து தெளிப்பது, மின்கம்பிக்கு அருகே குலை வெட்டுவது போன்ற ஆபத்தான வேலைகளை வாயால் சொல்லாமல் செய்துகாட்டி, அவர்களையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கடப்பிதழை வாங்கிப் பூட்டிவைத்தால் ஆள் ஓடமாட்டான் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒருவருடைய கடப்பிதழை மற்றவர் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். நம் பாட்டன் எந்த நிலையில் இந்த நாட்டில் வந்து இறங்கினார் என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

இளைஞர்கள் முன்வருவதே இல்லையே, என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிற தலைவரிடம் நான் திருப்பிக் கேட்பது: அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?

நான் கணக்குப் பார்த்த ஓர் ஆலயத்தில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. ரசீதுப் புத்தகம், வங்கிக் காசோலை, சங்க முத்திரை, ஒலிபெருக்கியின் கம்பி எல்லாம் அதில். சாவி தலைவரின் இடுப்பில். ஒரு பையன் கம்பி கேட்டால் தலைவர் வரவேண்டும். தலைவர் வேலை முடிந்து வர மாலை ஆறாகும். இரண்டு முறை காத்திருந்த பையன் மூன்றாம் முறை வரமாட்டான். பிறகு அந்தப் பையனைத்தான் 'கைப்பேசியிலேயே மூழ்கிக் கிடக்கிறான்' என்கிறார்கள்.

ஓர் ஆண்டு தீமிதித் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலைப் பாலிடெக்னிக்கில் படித்த பத்தொன்பது வயதுப் பையனிடம் முழுதாக விட்டுப் பார்க்கலாம் என்று வாதாடினேன். நானூறு வெள்ளியை ரொக்கமாகக் கொடுத்து, 'என்ன வாங்குவது, யாரைச் சேர்த்துக்கொள்வது எல்லாம் உன் விருப்பம், ரசீது மட்டும் வேண்டும்' என்று சொன்னோம். பொருளாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருவிழா அன்று காலை பதினொரு மணிக்குக் குவளை தீர்ந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. பந்தலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த செயலவைப் பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். 'அண்ணே, உட்காருங்கள். அவன் வந்து கேட்டால் போகலாம்.' அவன் வரவில்லை. ஒரு பெண்ணை மளிகைக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் அனுப்பினான். அவள் வருவதற்குள் அன்னதானக் கூடத்திலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை வாங்கி, இரண்டு சிறுவர்களைக் கழுவ உட்காரவைத்தான். பதினைந்து நிமிடம் வரிசை நீண்டது. யாரும் மயங்கி விழவில்லை. கடையில் வாங்கிய குவளைக்கு விலை அதிகம். பொருளாளர் அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. மறுநாள் ரசீதுகளோடு ஒரு பள்ளி நோட்டையும் அவன் கொண்டுவந்தான். 'ஆயிரம் குவளை போதாது, ஆயிரத்து எண்ணூறு வேண்டும். பத்து மணிக்குள் பாதி போய்விடுகிறது. ஐஸ் காலை எட்டு மணிக்கு மேல் வாங்கினால் போதும்' என்று எழுதியிருந்தான். அடுத்த ஆண்டு பந்தலை எடுத்த பெண் அந்த நோட்டை வாங்கிக்கொண்டாள். நாற்பது ஆண்டுகளாகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஆலயத்தில், எத்தனை குவளை வேண்டும் என்று முதன்முதலாக எழுதிவைத்தது அந்தப் பையன்.

முழு வேலையைக் கொடுங்கள், பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள், கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் உட்காருங்கள், கேட்காதவரை வாயைத் திறக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் கடினம். எனக்கே அன்று நாக்கு துடித்தது.

வளர்த்துவிட்டால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்களே?

போகட்டும். ஆண்டறிக்கையைக் கணினியில் பதிவேற்றுவது, நன்கொடையாளர் பட்டியலை வைத்திருப்பது போன்ற வேலைகளுக்கு ஊரில் இருக்க வேண்டியதில்லை. எங்கள் மன்றத்தின் கணக்கேட்டை ஜொகூரில் இருக்கும் ஒருவர் மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறார். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் என்னை விரட்டுகிறார். எந்த வேலைக்கும் ஒருவரை மட்டும் பழக்காமல் இருவராகப் பழக்குங்கள். ஒருவர் பஸ் ஏறினாலும் மற்றவர் இருப்பார்.

பெண்களைப் பொறுப்புக்குக் கொண்டுவருவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

கொண்டுவருவதில் கடினம் ஏதுமில்லை, நகர்ந்து இடம் கொடுப்பதில்தான் கடினம். பால் வெட்டிலும் புல் வெட்டிலும் மருந்து தெளிப்பதிலும் பெண்கள் இல்லாமல் எந்தத் தோட்டமும் ஓடியதில்லை. ஆயாக்கொட்டகையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்கள். ஓர் ஆயா, வரிசையாகத் தொட்டில்கள், ஒரே நேரத்தில் அழும் பத்துக் குழந்தைகள். எங்கள் தோட்டத்து ஆயா ஆறு வயதுப் பிள்ளைகளிடம் தொட்டில் ஆட்டும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்திருப்பார். யார் தொட்டில் நின்றாலும் அந்தப் பிள்ளையின் பெயர்தான் முதலில் ஒலிக்கும். வேலை பிரிப்பது, பொறுப்பு கொடுப்பது, கணக்குக் கேட்பது என்று இன்று விடுதி மண்டபத்தில் பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுப்பதை அவர் கால்நீட்டி உட்கார்ந்தபடியே செய்தார். அவரை எந்தச் செயலவையிலும் யாரும் சேர்த்ததில்லை.

மாதர் பிரிவு என்று ஒன்று வைத்து, அதற்குச் சமையலையும் கோலத்தையும் ஒதுக்கிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பொருளாளர் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு வைப்பதையும் நிறுத்துங்கள். அந்த நேரத்துக்கு வரமுடியாதவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா?

என்னிடம் யாரும் குறையைச் சொல்வதில்லை. இது நல்ல அறிகுறிதானே?

இல்லை. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகமாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அந்தப் பிரிவுகளில் தவற்றை மறைக்காமல் சொன்னார்கள் என்பதும், மற்ற இடங்களில் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள் என்பதும் தெரியவந்தது.

ஒரு சங்கத்தில் பொருளாளரான தங்கை ஒருவர், இருநூற்று அறுபது வெள்ளி நன்கொடையைத் தவறான கணக்கில் எழுதிவிட்டதைக் கூட்டத்தில் தானே சொன்னார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அறை குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தச் சங்கத்தில் எந்தத் தவறும் 'நடக்கவில்லை'. மூன்றாம் ஆண்டு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கணக்கைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது.

தலைமைத்துவப் பயிற்சி முகாம்களால் பயன் உண்டா?

கொஞ்சம். இரண்டு நாள் விடுதி, கயிறு இழுக்கும் விளையாட்டு, கைதட்டல், சான்றிதழ். திங்கட்கிழமை பழைய பல்லவிதான். அனுப்புவதற்கு முன், 'திரும்பி வந்ததும் இவருக்கு எந்தப் புதுப் பொறுப்பைக் கொடுக்கப்போகிறோம்?' என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். அனுபவத்தில் 70, பிறரிடமிருந்து 20, வகுப்பில் 10 என்று ஒரு கணக்கைப் பயிற்சியாளர்கள் திரையில் காட்டுவார்கள். மேலாளர்களிடம் 'எங்கே கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டு, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் திரட்டிய கணக்கு அது; தராசில் நிறுத்ததல்ல. திசையைக் காட்டும், அளவைக் காட்டாது.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு செய்தி: சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாக (கட்டாயப் பங்களிப்பாக) செலுத்துகிறார். அது தொழிலாளர்களின் பயிற்சிக்கான பணம். பல சிறு முதலாளிகள் கட்டுவதோடு சரி, எடுத்துப் பயன்படுத்துவதில்லை. குத்தகையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'அது வரி இல்லையா?' என்று கேட்டார்.

கூட்டம் நான்கு மணி நேரம் நடக்கிறது, ஒன்றும் முடிவாவதில்லை.

சொன்ன நேரத்துக்கு, மூன்று பேர் இருந்தாலும் தொடங்குங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். 'செயலவை கவனிக்கும்' என்று எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். முடிவு உண்மையில் காப்பிக் கடையில்தான் எடுக்கப்படுகிறது என்றால், கூட்டத்தைக் காப்பிக் கடைக்கே மாற்றிவிடுங்கள். காப்பியாவது சூடாகக் கிடைக்கும்.

எங்கள் தலைவர் இருபத்தைந்து ஆண்டுகளாக விலக மறுக்கிறார். நல்லவர்தான், ஆனால்…

நல்லவராக இருப்பதால்தான் சிக்கல். கெட்டவரை எப்போதோ மாற்றியிருப்பீர்கள்.

1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற எந்த அமைப்புக்கும் ஒரு சட்டவிதி உண்டு. அதை எடுத்துப் படித்தவர்கள் குறைவு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே பலருக்குப் பதிவு ரத்தாகும் நேரத்தில்தான் தெரியவருகிறது. ஒருவர் தொடர்ந்து எத்தனை தவணை தலைவராக இருக்கலாம் என்பதைச் சட்டவிதியில் சேர்க்கலாம். பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, பதிவிலாகாவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதை இப்போதைய தலைவருக்கு எதிராகக் கொண்டுவராமல், அடுத்த தலைவரிலிருந்து நடப்புக்கு வரும்படி எழுதுங்கள். மானம் போகாமல் இருந்தால் அவரே வழிமொழிவார். ஒருமுறை அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விலகியவரை 'ஆலோசகர்' ஆக்குவது நம் வழக்கம். ஆக்குங்கள். ஆனால் அலமாரிச் சாவியை வாங்கிய பிறகு ஆக்குங்கள். ஆலோசகரின் இடுப்பில் சாவி தொங்கும் சங்கத்தில் புதிய தலைவர் வெறும் பூமாலை சுமப்பவர்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்?

வங்கியில் கையெழுத்திடுபவர்களை மாற்றும் தீர்மானம், சங்கப் பதிவிலாகாவின் கணினிக் கணக்குக்கான கடவுச்சொல், நிலப் பத்திரத்தின் நகல், காப்புறுதி, மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் என்று பட்டியல் நீளும். அது யாரும் போடக்கூடிய பட்டியல். பட்டியலில் வராததைத்தான் நான் உட்காரவைத்து எழுதி வாங்குவேன். கூடாரக்காரருக்கு முன்பணம் கொடுத்தால்தான் வருவார், பந்தல்காரருக்குக் கொடுத்தால் வரமாட்டார். ஜெனரேட்டரின் சோக்கைப் பாதிதான் இழுக்க வேண்டும். பழைய தலைவரின் அண்ணனுக்கு முதல் மரியாதை கொடுக்காவிட்டால் அன்னதான அரிசி வராது. பிறகு அந்தப் பெரிய பித்தளை அண்டா. பக்கத்துத் தோட்டத்து ஆலயம் இரவல் வாங்கிப் போனது. கேட்டால் 'அடுத்த திருவிழாவுக்குள் தருகிறோம்' என்கிறார்கள். இரண்டு திருவிழா ஆகிவிட்டது. புதிய செயலாளர்தான் லோரி பிடித்துப் போய் ஏற்றி வர வேண்டும்.